கரணமும் பயிற்சியும்: சீருடற்பயிற்சித் திறன்களைக் கற்றலில் அமையும் கூறுகள்

‘கரணம் தப்பினால் மரணம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. கழைக்கூத்தாடியின் தொழிலை நினைவூட்டும் இம்மொழி அத்தொழிலின் இடரை மூன்று சொற்களில் அடக்கிக் காட்டுகின்றது. ஆயின், கரணம் தப்பாதிருத்தல் எவ்வாறு கைகூடுகின்றது என்னும் வினாவிற்கு இம்மொழியில் விடை இல்லை. ‘பழக்கத்தால் கைகூடுகின்றது’ என்று எளிதாகக் கூறிவிடுகின்றோம். ஒரே ஆசிரியரிடம் ஒரே காலம் பழகிய இருவருள் ஒருவர்க்குக் கைவந்த திறன் மற்றவர்க்கு வாராமற் போவதும், கைவந்த திறன் ஒருநாள் திடீரென விட்டு நீங்குவதும் அவ்விடையால் விளங்குவதில்லை. உடல்திறன்களைக் கற்பதில் துணையாகவும் தடையாகவும் நிற்கும் கூறுகளைச் சீருடற்பயிற்சியைச் சான்றாகக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பலரும் வழங்கும் கலையே ஈண்டுச் சீருடற்பயிற்சி எனப்படுகின்றது. செருமானிய நாட்டுக் கூட்ஸ்மூத்ஸ் 1793-இல் இளைஞர் உடற்பயிற்சி பற்றி நூல் எழுதினார். அவர்க்குப் பின் யான் என்பவர் 1811-இல் பெர்லின் நகரை அடுத்த ஹாசன்ஹைடேயில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்தார். இக்காலப் போட்டிக்கலை இம்மரபில் வளர்ந்தது. ஏதென்ஸ் நகரில் 1896-இல் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே இஃது இடம்பெற்றது. இன்று ஆடவர்க்குத் தரைப்பயிற்சி, கைப்பிடிக் குதிரை, வளையங்கள், தாவுமேசை, இணைக்கம்பிகள், கிடைக்கம்பி என ஆறும், மகளிர்க்குத் தாவுமேசை, உயர்வேறு கம்பிகள், சமநிலைக் கட்டை, தரைப்பயிற்சி என நான்கும் உள்ளன. சமநிலைக் கட்டையின் அகலம் 10 செ.மீ.; நீளம் 5 மீட்டர்; தரையினின்று அதன் உயரம் 125 செ.மீ. உள்ளங்கை அகலமே உள்ள அக்கட்டையின்மேல் ஒரு பெண் பின்னோக்கிக் கரணமிட்டு மீண்டும் அதன்மேலேயே கால் ஊன்றுகின்றாள். இத்திறன் அவள் உடலில் எவ்வாறு குடிபுகுந்தது என்பதே நம் வினா.

1. சொல் காட்டும் பொருள்

தமிழில் ‘பயிலுதல்’ என்னும் சொல் கற்றலையும் பழகுதலையும் ஒருங்கே குறிக்கும். அடிக்கடி நிகழ்தலையும் நெருங்குதலையும் குறிக்கும். ‘இச்சொல் இந்நூலில் பயின்று வருகின்றது’ என்று நாம் எழுதுங்கால், பலகால் வருகின்றது என்பதே பொருள். பலகால் செய்தலும் கற்றலும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் ஒரு பேருண்மையைக் காட்டுகின்றது. அதனோடு ஒரு மயக்கத்திற்கும் இடந்தருகின்றது. பலகால் செய்தாலே கற்றல் நிகழ்ந்துவிடும் என்பதே அம்மயக்கம். தவறும் பலகால் செய்யப் பழகிவிடும். முழங்கால் மடங்கிய நிலையில் ஆயிரம் முறை கரணமிட்டவன் மடங்கிய முழங்காலையே கற்றிருப்பான். ஆகவே, ‘எத்தனை முறை’ என்பதனோடு, ‘எவ்வாறு’, ‘எந்நிலையில்’, ‘யார் துணையால்’ என்னும் வினாக்களும் உடன்வரல் வேண்டும்.

2. உடலும் அகவையும்

முதற்கூறு உடலமைப்பு. ஓருடல் எல்லாப் பக்கத்தும் ஒரே அளவில் பெருத்தால் அதன் எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக உயரும். தசையின் வலிமையோ அதன் குறுக்குப் பரப்பைச் சார்ந்ததாதலின் இருமடிப் பெருக்கமாகவே உயரும். ஆதலின் தன் எடையைத் தானே தூக்கிச் சுழற்ற வேண்டிய இக்கலையில் சிற்றுடல் பெரும்பயன் பெறுகின்றது. இளஞ்சிறார் இதில் விரைந்து தேர்ச்சியடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இளமையில் தொடங்குதல் நம் மரபிற்கும் புதியது அன்று. ஏழாண்டுகள் ஆடற்கலை பயின்ற மாதவி பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள் எனச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறுவதால், ஐந்தாம் ஆண்டிலேயே பயிற்சி தொடங்கியமை பெறப்படும். மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 1976-இல் முதன்முதலாகப் பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்ற ருமேனியாவின் நாதியா கொமனேச்சிக்கு அப்பொழுது அகவை பதினான்கு.

எனினும், இளமை வாய்ப்பாக அமைவது போலவே இடராகவும் அமையும். வளரும் எலும்பின் நுனியில் உள்ள வளர்தகடு வன்மை குறைந்தது. கையை ஊன்றி உடலெடையைத் தாங்கும் பயிற்சி அளவுகடந்தால் மணிக்கட்டின் வளர்தகடு புண்படும். மேலும், பருவமடையும் காலத்தில் கைகால்கள் விரைந்து நீள்கின்றன. எடையும் எடையின் பரவலும் மாறுகின்றன. முன்னாண்டு எளிதாக வந்த சுழற்சி இவ்வாண்டு தடுமாறுகின்றது. இதனைச் சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ கருதி ஒறுக்கும் ஆசிரியர் உண்மையை அறியாதவராவர். மாணவர் தம் பழைய திறனை மறந்தாரல்லர். புதியதோர் உடலில் அதனை மீண்டும் கற்க வேண்டியவராயினர். மகளிர்க்கான உலகப் போட்டிகளின் கீழ்வரம்பு அகவை 1981-இல் பதினைந்தாகவும், 1997-இல் பதினாறாகவும் உயர்த்தப்பட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

3. உட்புலன்கள்

கண், காது, மூக்கு, நாக்கு, மெய் என ஐம்புலன்களை எண்ணுகின்றோம். கரணமிடுவோனுக்கு இவற்றின் வேறாகிய இரு புலனறிவுகள் இன்றியமையாதன. ஒன்று, உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்களாலும் அவற்றை அடுத்த உறுப்புகளாலும் பெறப்படும் சுழற்சியறிவும் சாய்வறிவும். மற்றொன்று, தசை, நாண், மூட்டு ஆகியவற்றிலிருந்து எழும் உறுப்புநிலையறிவு. கண்ணை மூடிக்கொண்டும் மூக்கின் நுனியை விரலால் தொட முடிவது இப்பின்னதனால்தான்.

தரையை விட்டெழுந்த உடலின் மொத்தச் சுழற்சியுந்தம் இடைவழியில் மாறாது என்பது இயற்பியல் கூறும் விதி. உடலைச் சுருக்கினால் சுழற்சி விரையும், நீட்டினால் தணியும், இதுவே காற்றில் செய்யக்கூடியது. தரையில் இட்ட கரணம் ஒரு நொடியளவும் நீடிப்பதில்லை. அக்குறுகிய காலத்தில் எண்ணி முடிவெடுத்தல் இயலாது. எப்பொழுது சுருங்குவது, எப்பொழுது விரிவது என்பதனைக் கண், உட்செவி, மூட்டு மூன்றும் சேர்ந்து சொல்ல, உடல் அதற்கு இயைந்து விடையளிக்கின்றது. புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் கண்ணையே நம்புவர். தலைகீழான நிலையில் கண் காண்பது பழக்கமற்ற காட்சியாதலின் மயங்குவர். பயிற்சி முதிர முதிர உட்புலன்களின் செய்தி தெளிவுபெறும். ஆகவே, சுழற்சிக்கு முன்னர்க் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்றலை நெடுங்காலம் பழக்குதல் வீண்செயல் அன்று. அஃது உட்புலன்களுக்கு எழுத்தறிவித்தல் போன்றது.

4. மீளச் செய்தலின் இயல்பு

உடல்திறன் கற்றலில் மூன்று படிகள் உண்டு எனப் பிட்ஸ், போஸ்னர் என்னும் அறிஞர் இருவர் 1967-இல் வகுத்தனர். முதற்படியில் மாணவர் செய்ய வேண்டியதைச் சொல்லால் எண்ணி எண்ணிச் செய்வர், தவறு மிகும். இரண்டாம் படியில் இயக்கங்கள் ஒன்றோடொன்று இணையும், தவறு குறையும். மூன்றாம் படியில் எண்ணமின்றியே செயல் நிகழும். ‘கைவந்த கலை’ என்று நாம் சொல்வது இம்மூன்றாம் படியையே.

முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஏற்றுவது வெறும் மீட்சி அன்று என்பதனை முன்னரே தார்ண்டைக் நிறுவியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு குறித்த நீளமுள்ள கோட்டை வரையுமாறு அவர் சிலரைப் பணித்தார். வரைந்தது சரியா, தவறா என்று சொல்லாதவிடத்து, எத்துணை முறை வரைந்தும் முன்னேற்றம் உண்டாகவில்லை. செய்ததன் பயனை அறிதல் இல்லாத மீட்சி கற்றலாகாது என்பது இதனால் விளங்கும்.

இதனினும் ஆழ்ந்த கருத்து உருசிய அறிஞர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைனுடையது. மாஸ்கோவில் 1920-களில், உளியின்மேல் சுத்தியல் அடிக்கும் தொழிலாளரின் இயக்கத்தை அவர் ஒளிப்படக் கருவியால் பதிந்து அளந்தார். கைதேர்ந்த தொழிலாளியின் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் சிறிது சிறிது வேறுபட்டே இயங்கின. சுத்தியலின் முனையோ ஏறக்குறைய ஒரே வழியில் சென்று உரிய இடத்தில் பட்டது. அடி ஒன்றுபோல் இருந்தது. அடித்த கை ஒன்றுபோல் இல்லை. இதிலிருந்து அவர் கண்டது யாது? திறன் என்பது மாறாத ஓரியக்கத்தை உடலில் அச்சிட்டு வைத்தல் அன்று. ஒவ்வொரு முறையும் சிறிது மாறிய நிலைமைக்கேற்ப அதே பயனை விளைவித்தலே திறன். ஆதலின், மீளச் செய்தல் என்பது முன்பு கண்ட விடையை ஒப்பித்தலாகாது. விடை காணும் முயற்சியை மீண்டும் மேற்கொள்ளுதலே ஆகும் என்பது அவர் கொள்கை. மனப்பாடம் செய்தவனுக்கும் பொருளுணர்ந்து படித்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நமக்கு இக்கொள்கை எளிதில் விளங்கும்.

இதனோடு இயைந்ததொரு முடிவினை 1979-இல் ஷீ, மார்கன் என்போர் கண்டனர். மூவகைக் கையசைவுகளைக் கற்கும்போது ஒருசாரார் ஒன்றனை முற்றப் பழகிய பின்னரே அடுத்ததற்குச் சென்றனர். மறுசாரார் மூன்றனையும் கலந்து பழகினர். பயிற்சியின்போது முதற்சாரார் சிறந்து தோன்றினர். பின்னர்ச் சோதித்தபோது மறுசாராரே சிறந்து நின்றனர். பயிற்சிக்களத்தில் எளிதாகத் தோன்றுவது உண்மையான கற்றலுக்கு அளவுகோல் ஆகாது என்பது இதன் பயன். ஆயினும், இச்சோதனை இடரற்ற எளிய செயல்களைக் கொண்டு நடந்தது. கழுத்து முறியும் வாய்ப்புள்ள கரணத்தைப் புதிதாகக் கற்பவர்க்கு இதனை அப்படியே பொருத்துதல் கூடாது. அடிப்படை உறுதிப்படும் வரை ஒன்றனையே பழகுதலும், பின்னர்க் கலந்து பழகுதலும் ஏற்புடையன.

5. பகுதியும் முழுமையும்

ஒரு திறனை முழுமையாகக் கற்பதா, பகுதி பகுதியாகக் கற்பதா என்பது ஆசிரியர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா. ஓட்டம், உந்துபலகையில் மிதித்தல், மேசையில் கையூன்றல், பறத்தல், இறங்கல் எனத் தாவலைப் பிரிக்கலாம். பிரித்துப் பழகுவதால் பயனும் உண்டு. கரணத்தை நடுவில் பிரித்தல் இயலாது. பாதிக் கரணம் என்று ஒன்று இல்லை. பாதியில் நின்றால் அது வீழ்ச்சியே. ஆகவே, பிரிக்க இயலாதவற்றைப் பிரியாமலே எளிதாக்கும் வழிகள் தோன்றின. டிராம்போலின் விரிப்பில் உயர்ந்தெழுந்து பறக்கும் காலத்தை நீட்டித்தல், நுரைப்பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியில் இறங்குதல், இடுப்பில் கச்சை கட்டிக் கயிற்றால் தாங்குதல், ஆசிரியர் தம் கையாலேயே தாங்கிச் சுழற்றிவிடுதல் ஆகியவை அவை. இவற்றில் இயக்கம் முழுமையாகவே நிகழ்கின்றது. தவற்றின் விலை மட்டும் குறைகின்றது.

ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றற்கு உதவுவது இரண்டிற்கும் பொதுவான கூறுகள் உள்ள அளவிற்கே எனத் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901-இல் கூறினர். கையூன்றித் தலைகீழாக நேர்நிற்றல் தரை, வளையம், கம்பி, மேசை ஆகிய எல்லாவற்றிலும் வருதலின், அதில் உண்டாகும் சிறு வளைவும் எல்லாவற்றிலும் குறையாகப் புகும். எழுத்தின் இயல்பை அறியாமல் யாப்பிற்குச் செல்பவன் எங்கும் இடறுதலை இதனோடு ஒப்பிடலாம்.

6. ஆசிரியர் சொல்

மொழியியல் நோக்குடையார்க்குச் சிறப்பாக உரிய கூறு இது. கற்பிக்கும் சொல் கற்கும் உடலில் என்ன செய்கின்றது? கருத்தை உறுப்பின்மேல் வைத்தல், செயலின் பயன்மேல் வைத்தல் என்னும் இரண்டனையும் கேப்ரியேலே வூல்ப் என்பாரும் அவர்தம் துணைவரும் 1998-இல் ஒப்பிட்டனர். பனிச்சறுக்கு இயக்கத்தைப் போன்றதொரு பொறியில் நின்று பயின்றோருள், தம் பாதங்களை எண்ணியவரைவிடப் பாதங்களின் கீழிருந்த உருளைகளை எண்ணியவர் சிறப்பாகக் கற்றனர். இடைவெளி சில அங்குலமே. கற்றலில் வேறுபாடு புலப்பட்டது. உறுப்பை எண்ணுங்கால் தானே இயங்க வேண்டிய உடலை அறிவு இடைபுகுந்து தடுக்கின்றது என்பது அவர் தரும் விளக்கம்.

தலைகீழாக நிற்கும் சிறுவனிடம், ‘முழங்காலை நீட்டு, வயிற்றை உள்ளிழு, தோளை உயர்த்து’ எனலாம். ‘கால்விரலால் கூரையைத் தொடு’ எனவும் சொல்லலாம். பின்னது ஒரே தொடர். ஆனால் முன்னைய மூன்றும் அதனுள் அடங்கிவிடுகின்றன. நல்லாசிரியரின் உவமைகள் அணிக்காக எழுந்தவை அல்ல. பல உறுப்புகளின் இயக்கத்தை ஒரே நோக்கில் கட்டும் கயிறுகளாக அவை உள்ளன. ஆயினும், படிந்துபோன தவற்றைத் திருத்துமிடத்து உறுப்பைச் சுட்டியே சொல்ல வேண்டிய நிலையும் வரும். எது எப்பொழுது என்று தெரிதலே ஆசிரியத்திறம்.

சொல்லின் அளவும் கருதத்தக்கது. ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் உடனே திருத்தம் சொல்லப்பெற்றவர் பயிற்சியில் விரைந்து முன்னேறினும், அத்துணை நீங்கியபோது தடுமாறுவர் என்பதனைச் சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகியோர் 1984-இல் எடுத்துக்காட்டினர். தம் உட்புலன்கள் சொல்வதைக் கேட்கவேண்டிய நேரத்தில் அவர்கள் ஆசிரியர் குரலையே கேட்டிருந்தனர். போட்டிக்களத்தில் அக்குரல் இராது. எனவே, சற்றுப் பொறுத்து, ‘இப்பொழுது எவ்வாறு இருந்தது?’ என்று மாணவரை முதலில் வினவும் ஆசிரியர் மாணவரின் உட்புலனையும் பயிற்றுகின்றார்.

7. அச்சமும் நம்பிக்கையும்

இதுகாறும் கூறிய எல்லாக் கூறுகளையும் ஒரு நொடியில் வலியிழக்கச் செய்யவல்லது அச்சம். அஞ்சிய உடல் விறைக்கும். தலை முன்னரே திரும்பும். சுருங்க வேண்டிய இடத்தில் விரியும். அச்சத்தால் பாதியில் நிறுத்தப்பட்ட கரணமே பெரும்பாலும் தீங்கு விளைப்பது. அதனால், ‘அஞ்சாதே’ என்று அதட்டி ஏவும் முறை நெடுங்காலம் வழங்கிற்று. அம்முறையின் பிழையை வரலாறு கொடிதாகக் காட்டியுள்ளது.

உலகப் போட்டியில் 1978-இல் ஒட்டுமொத்த முதலிடம் பெற்ற சோவியத் வீராங்கனை எலேனா முகினா 1979-இல் கால் முறிந்தார். எலும்பு நன்கு கூடி வலிமை பெறுவதற்கு முன்னரே பயிற்சிக்குத் திருப்பப்பட்டார். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் சின்னாள் முன்னர், 1980 ஜூலையில் மின்ஸ்க் நகரில், தாமஸ் கரணம் என்னும் அருங்கரணத்தைப் பழகும்போது போதிய உயரம் எழாமல் மோவாய் தரையில் மோத வீழ்ந்தார். கழுத்தெலும்பு முறிந்து, கைகால் இயக்கம் இழந்து, 2006-இல் மறையும் வரை அந்நிலையிலேயே இருந்தார். அக்கரணம் பின்னர் மகளிர் போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. அவர்க்குப் பயிற்சி குறைவு என்று யாரும் கூறவியலாது. உடலும் உள்ளமும் ‘இயலாது’ என்று உரைத்ததைக் கேட்பார் இல்லாமையே குறை.

நாற்பத்தோராண்டு கழித்து டோக்கியோவில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. ரியோவில் 2016-இல் நான்கு தங்கப் பதக்கங்கள் பெற்றிருந்த அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021 ஜூலை 27 அன்று தாவுமேசையில் இரண்டரைத் திருகு கருதி எழுந்து, ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தாம் எங்குள்ளோம் என்னும் அறிவு அவரை விட்டு நீங்கியிருந்தது. ‘ட்விஸ்டீஸ்’ என்று அத்துறையினர் இதனை வழங்குகின்றனர். தசை தளரவில்லை, பழக்கம் குன்றவில்லை, மூன்றாம் படியில் தானே இயங்கிவந்த திறன் உள்ளத்தின் அழுத்தத்தால் குலைந்தது. அவர் போட்டியினின்று விலகினார், பலர் பழித்தனர். ஆகஸ்ட் 3 அன்று திருகில்லாத இறக்கத்தோடு சமநிலைக் கட்டையில் மட்டும் பங்கேற்று வெண்கலம் பெற்றார். பின்னர், 2024-இல் பாரிஸ் நகரில் மூன்று தங்கப் பதக்கங்களோடு மீண்டார். விலகும் உரிமை இருந்தமையால் மீளும் வாய்ப்பும் இருந்தது.

நம் நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. திரிபுராவின் அகர்தலாவைச் சார்ந்த தீபா கர்மாகர் இக்கலைக்கு ஒவ்வாத தட்டைப்பாதம் உடையவர். பிஷ்வேஷ்வர் நந்தி என்னும் பயிற்சியாளரிடம் கற்று, தாவுமேசையில் கைவைத்தெழுந்து முன்னோக்கி இருமுறை கரணமிடும் ‘புரொதுனோவா’ என்னும் இடர்மிக்க தாவலைக் கைக்கொண்டார். அதனைக் கொண்டு 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும், 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 15.066 புள்ளிகளோடு நான்காமிடமும் பெற்றார். மூன்றாமிடத்திற்கும் அவர்க்கும் இடையே இருந்தது 0.150 புள்ளியே. உடலமைப்பு ஒரு கூறேயன்றி ஊழ் அன்று என்பதற்கும், ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் பல்லாண்டு அறிந்த நம்பிக்கை எத்துணை ஆற்றலுடையது என்பதற்கும் அவர் வாழ்க்கை சான்றாகும்.

8. முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், உடல்வாகும் அகவையும், உட்புலன் தெளிவும், மீளச் செய்யும் முறையும், பகுத்தும் தொகுத்தும் அமைக்கும் வரிசையும், ஆசிரியர் சொல்லும், அச்சமும் நம்பிக்கையும் ஆகிய இவை ஒன்றையொன்று சார்ந்து நிற்றல் புலனாகும். இவற்றுள் நம்பிக்கையை வெறும் மனநிலை என ஒதுக்குதல் பொருந்தாது. மாணவர் தம் உடல் உரைப்பதைக் கேட்கவும், கேட்டதை ஆசிரியரிடம் சொல்லவும், சொன்னதை ஆசிரியர் ஏற்கவும் இடமுள்ளபோதுதான் ஏனைய கூறுகள் தம் தொழிலைச் செய்யும். அவ்விடம் இல்லாதபோது உழைப்பு மிக மிக இடரும் மிகும்.

நற்றிணையின் 95-ஆம் பாட்டில் ஒரு காட்சி உண்டு. ஆடுமகள் நடந்த முறுக்குண்ட கயிற்றில் மந்தியின் குட்டி ஒன்று தொங்கியாட, அதனைக் கண்ட குறவர் சிறுவர் பாறையேறித் தாளம் கொட்டுகின்றனர். தேர்ந்தவள் நடந்த கயிற்றில், ஏவுவாரும் அதட்டுவாரும் இன்றி, இளமை தானே ஆடிப் பார்க்கின்றது. கரணம் தப்பினால் மரணம் என்பது மெய்யே. தப்பியபோது தாங்கும் கை ஒன்று அருகில் உண்டு என்று அறிந்த உடலே கரணத்தைத் தப்பாமல் கற்கும் என்பதும் மெய்.